வினோத் துவா: கேள்வி கேட்கும் உரிமையைத் தீர்ப்பாக விட்டுச் சென்ற தொலைக்காட்சி நெறியாளர்

இந்தியத் தொலைக்காட்சி நெறியாளர்களில் பலருடைய பெயர்கள் அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகளோடு நினைவுகூரப்படுகின்றன. வினோத் துவாவின் பெயர் நிகழ்ச்சிகளோடு மட்டுமல்லாமல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றோடும் சேர்த்து நினைவுகூரப்படுகிறது. 'வினோத் துவா எதிர் இந்திய ஒன்றியம்' என்ற வழக்கில் 2021-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, அரசின் செயல்பாடுகளை விமர்சிக்கும் பத்திரிகையாளர் ஒவ்வொருவருக்கும் தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை உறுதி செய்தது.

அத்தீர்ப்பு வெளிவந்த ஆறு மாதங்களில், அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, வினோத் துவா தில்லியில் காலமானார். அவருக்கு வயது 67. தூர்தர்ஷனின் கறுப்பு-வெள்ளைக் காலத்தில் தொடங்கி, தனியார் செய்தித் தொலைக்காட்சிகளின் எழுச்சியைக் கடந்து, இணையக் காணொலி வரை நீண்ட அவரது பணிவாழ்க்கை ஏறத்தாழ 47 ஆண்டுகளைக் கொண்டது. இந்தியாவில் தொலைக்காட்சிச் செய்தி எவ்வாறு வளர்ந்தது, அதில் கேள்வி கேட்பதற்கான இடம் எப்படி விரிந்தும் சுருங்கியும் வந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு அவரது வாழ்க்கை நல்லதொரு சான்றாக அமைகிறது.

அகதிகள் குடியிருப்பிலிருந்து கல்லூரி மேடைக்கு

வினோத் துவா 1954-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தில்லியில் பிறந்தார். அவரது குடும்பம், இன்று பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் உள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியைச் சேர்ந்தது. சராய்கி மொழி பேசும் அக்குடும்பம், 1947-ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையை அடுத்து அனைத்தையும் விட்டுவிட்டு தில்லிக்கு வந்தது. புலம்பெயர்ந்தோருக்காக உருவான குடியிருப்புகளில்தான் துவாவின் இளமைப் பருவம் கழிந்தது. ஹிந்தி, உருது, பஞ்சாபி, சராய்கி எனப் பல மொழிகள் கலந்து ஒலித்த அச்சூழல், பிற்காலத்தில் அவரது திரைமொழியில் வெளிப்பட்டது. சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்த அலுவல் ஹிந்தியாகவும் இல்லாமல், கொச்சை வழக்காகவும் இல்லாமல், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசுவது போன்ற ஹிந்துஸ்தானியில் அவர் பேசினார்.

தில்லி ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற அவர், தில்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றார். கல்லூரி நாள்களில் பேச்சுப் போட்டிகளிலும் பாட்டிலும் நாடகத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். குழந்தைகளுக்காக அவர் எழுதிய நாடகங்கள் தில்லியில் மேடையேற்றப்பட்டன. வரதட்சிணை உள்ளிட்ட சமூகக் கொடுமைகளுக்கு எதிராகத் தெருமுனை நாடகங்கள் நடத்திய குழுவிலும் அவர் பங்கேற்றார். ஒலிபெருக்கியும் திரைச்சீலையும் இல்லாமல், வழியில் செல்வோரை நிற்கவைத்துப் பேச வேண்டிய அந்தக் கலை, எழுதிவைத்த உரையைச் சாராமல் பேசுவதற்கான பயிற்சியாக அவருக்கு அமைந்திருக்க வேண்டும்.

செய்தி 'வாசிக்கப்பட்ட' காலம்

துவா தொலைக்காட்சிக்குள் நுழைந்த காலத்தைப் புரிந்துகொள்ள அன்றைய தூர்தர்ஷனைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1965-இல்தான் அன்றாட ஒளிபரப்பாக மாறியது. 1976 ஏப்ரல் வரை அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. அரசுத் துறையான அதில் செய்தி என்பது தயாரித்து அளிக்கப்படும் உரை. திரையில் தோன்றுபவர் அதைத் தெளிவான உச்சரிப்புடன் வாசிப்பவர். பிரதிமா பூரி, சல்மா சுல்தான் போன்ற புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர்கள் மக்களின் அன்பைப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்கள் வாசித்த சொற்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

இதன் விளைவை நாடு 1984 அக்டோபர் 31-ஆம் தேதி கண்டது. பிரதமர் இந்திரா காந்தி அன்று காலையிலேயே சுடப்பட்டார். ஆனால் அவரது மரணச் செய்தியைத் தூர்தர்ஷன் அன்று மாலையில்தான் அறிவித்தது. அதற்குள் வெளிநாட்டு வானொலி வழியாகப் பலர் செய்தியை அறிந்துவிட்டனர். சல்மா சுல்தான் அச்செய்தியை வாசித்த விதம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதே வேளையில், அரசின் அனுமதிக்காகச் செய்தி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதும் நினைவுகூரப்படுகிறது.

இத்தகைய அமைப்பில், செய்திப் பிரிவுக்கு வெளியே இருந்த இளைஞர் நிகழ்ச்சிகளில்தான் சிறிது சுதந்திரம் இருந்தது. 1974-ஆம் ஆண்டு நவம்பரில் 'யுவ மஞ்ச்' என்ற ஹிந்தி இளைஞர் நிகழ்ச்சியில் வினோத் துவா முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 20.

அடுத்த ஆண்டு அவருக்கு மிகப் பெரிய களம் ஒன்று கிடைத்தது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவில் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அதில் இணைக்கப்பட்டன. ராய்ப்பூர், முசாபர்பூர், ஜெய்ப்பூர் பகுதிகளின் இளைஞர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட 'யுவ ஜன்' நிகழ்ச்சியைத் துவா தொகுத்து வழங்கினார். தொலைக்காட்சிப் பெட்டியை முதன்முறையாகப் பார்க்கும் கிராமத்தவர்களோடு பேச வேண்டிய நிகழ்ச்சி அது. அதே காலத்தில் அமிர்தசரஸ் தொலைக்காட்சிக்காக 'ஜவான் தரங்' என்ற நிகழ்ச்சியையும் நடத்தினார். 1981 முதல் 1984 வரை 'ஆப் கே லியே' (உங்களுக்காக) என்ற வாராந்திரக் குடும்ப நிகழ்ச்சியின் தொகுப்பாளராக இருந்தார். நாடு வண்ணத் தொலைக்காட்சிக்கும் தேசிய ஒளிபரப்புக்கும் மாறிய 1982-ஆம் ஆண்டு இடையில் வந்தது. அவரது முகம் நாடெங்கும் அறிமுகமானது.

தேர்தல் கணக்கை மக்கள் மொழியில் சொன்னவர்

1984 டிசம்பரில் நடைபெற்ற மக்களவைத் தேர்தல் துவாவின் வாழ்க்கையில் திருப்புமுனை. தேர்தல் முடிவுகளைப் பகுப்பாய்வு செய்யும் நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் பொருளாதார அறிஞரான பிரணாய் ராயுடன் இணைந்து அவர் வழங்கினார். ராய் ஆங்கிலத்தில் விளக்க, துவா ஹிந்தியில் விளக்கினார்.

அக்காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் பரவலாகவில்லை. வாக்குச் சீட்டுகள் கைகளால் எண்ணப்பட்டன. முடிவுகள் ஒரே நாளில் வந்துவிடா. இடையிடையே திரைப்படங்களை ஒளிபரப்பியபடி, முடிவுகள் வரவரத் தூர்தர்ஷன் அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த நீண்ட இடைவெளிகளை நிரப்பியது பகுப்பாய்வு. எழுதப்பட்ட உரை எதுவும் முன்கூட்டியே இருக்க இயலாத நிகழ்ச்சி என்பதால், நெறியாளர் தாமே சிந்தித்துத் தாமே பேச வேண்டியிருந்தது. செய்தி வாசிப்பாளர் என்ற நிலையிலிருந்து நெறியாளர் என்ற நிலைக்கு இந்தியத் தொலைக்காட்சி நகர்ந்த தருணங்களுள் அதுவும் ஒன்று.

அத்தேர்தலில் காங்கிரஸ் கட்சி பெற்ற வாக்குகள் மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பெற்ற இடங்களோ நான்கில் மூன்று பங்குக்கும் மேல். வாக்கு விகிதம் சிறிதளவே மாறும்போது இடங்களின் எண்ணிக்கை ஏன் பெருமளவு மாறுகிறது, எதிர்க்கட்சிகள் பிரிந்து நிற்பது முடிவை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பன போன்ற கருத்துகள் அதுவரை கல்விக்கூடங்களுக்குள் இருந்தவை. அவற்றைக் கடைக்காரரும் விவசாயியும் பின்தொடரும்படி ஹிந்தியில் சொன்னதே துவாவின் பங்களிப்பு. பிரணாய் ராய்–வினோத் துவா இணை, பின்வந்த தேர்தல்களிலும் நாட்டின் தேர்தல் நினைவுகளின் ஒரு பகுதியாக மாறியது. இன்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் காணப்படும் வாக்கு எண்ணிக்கை நாள் நேரலையின் தொடக்க வடிவங்களுள் அது முக்கியமானது.

அமைச்சர்களுக்கு எதிரே பொதுமக்கள்

1985-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஜன்வாணி' (மக்கள் குரல்) நிகழ்ச்சியைத் துவா தொகுத்து வழங்கினார். மத்திய அமைச்சர்கள் அரங்குக்கு அழைக்கப்பட்டு, அவர்களிடம் பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி கேட்டனர். அரசுக்குச் சொந்தமான தொலைக்காட்சியில், அரசின் அமைச்சரைச் சாதாரணக் குடிமகன் கேள்வி கேட்பதை நாடே பார்த்தது அக்காலத்துக்குப் புதிது.

இது எவ்வளவு அரிய செயல் என்பதை உணர மற்றொரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தப்பட்ட விதத்தைத் தொடர்ந்து, அவற்றுக்குத் தன்னாட்சி வழங்குவது குறித்து ஆராய பி.ஜி.வர்கீஸ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1978-இல் அக்குழு அறிக்கை அளித்தது. ஆனால் பிரசார் பாரதி சட்டம் 1990-இல்தான் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1997-இல். 'ஜன்வாணி' ஒளிபரப்பானபோது தூர்தர்ஷனுக்கு அத்தகைய சட்டக் கவசம் எதுவும் இருக்கவில்லை. அமைச்சகம் நினைத்தால் நிகழ்ச்சியை நிறுத்தியிருக்கலாம். அந்த நிச்சயமின்மைக்கு நடுவில், மரியாதை குறையாமலும் கேள்வி மழுங்காமலும் நிகழ்ச்சியை நடத்த வேண்டிய பொறுப்பு நெறியாளருடையது. கேட்பவரை இடைமறிக்காமல் பேசவிடுவதும், பதில் சொல்பவர் நழுவினால் அமைதியாக மீண்டும் அதே கேள்விக்குத் திருப்புவதும் துவாவின் முறையாக இருந்தது.

தனியார் காலம்: புதிய சுதந்திரம், புதிய உரிமையாளர்கள்

1987-இல் டிவி டுடே நிறுவனத்தில் தலைமைத் தயாரிப்பாளராகச் சேர்ந்த துவா, அடுத்த ஆண்டு தமது சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். வெளியார் தயாரிக்கும் நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளுக்குத் தூர்தர்ஷன் மெல்லத் தன் நேரத்தைத் திறந்துவிட்ட காலம் அது. 1992 முதல் 1996 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'பரக்' என்ற வாராந்திர நடப்பு நிகழ்வுத் தொகுப்பை அவர் தயாரித்து வழங்கினார். 'பரக்' என்ற சொல்லுக்கு உரசிப் பார்த்து மதிப்பறிதல் என்று பொருள். அதே 1992-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜீ டிவி தொடங்கியது. அதில் 'சக்ரவ்யூஹ்' என்ற நிகழ்ச்சியையும் அவர் நடத்தினார்.

1995 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒலி-ஒளி அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் 'ஆஜ் தக்' செய்தித் தொகுப்பு தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகள் பெருகின. இந்த மாற்றங்கள் அனைத்தினூடும் துவா பணியாற்றினார். ஜீ, சஹாரா, என்டிடிவி இந்தியா எனப் பல தொலைக்காட்சிகளில் அவரது நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. சஹாராவில் 'பிரதிதின்' என்ற நாளிதழ் அலசல் நிகழ்ச்சியும், என்டிடிவி இந்தியாவில் 'வினோத் துவா லைவ்' நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கவை.

1996-ஆம் ஆண்டு, இதழியலில் சிறந்து விளங்குவோருக்கான கோயங்கா விருது துவாவுக்கு வழங்கப்பட்டது. மின்னணு ஊடகத்திலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல் பத்திரிகையாளர் அவரே. 2008-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2017-இல் மும்பை பத்திரிகையாளர் மன்றம் வாழ்நாள் சாதனைக்கான 'ரெட்இங்க்' விருதை அளித்தது.

அரசியல் செய்தியோடு மட்டும் நின்றுவிடாத அவர், என்டிடிவி இந்தியாவில் 'ஜாய்கா இந்தியா கா' (இந்தியாவின் சுவை) என்ற உணவுப் பயண நிகழ்ச்சியின் வழியாகப் புதிய தலைமுறையினரிடமும் அறிமுகமானார். நட்சத்திர விடுதிகளைத் தவிர்த்து, நெடுஞ்சாலைத் தாபாக்களிலும் பழைய நகரங்களின் சந்துக் கடைகளிலும் நின்று, சமைப்பவரிடம் பெயரும் ஊரும் தொழில் கற்ற விதமும் கேட்டு உண்ணும் நிகழ்ச்சி அது. அமைச்சரிடம் காட்டிய அதே ஆர்வத்தையும் மரியாதையையும் கச்சோரி விற்பவரிடமும் அவர் காட்டினார். சூஃபி இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

தனியார் தொலைக்காட்சி அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து செய்தியை விடுவித்தது உண்மை. அதே வேளையில், பார்வையாளர் எண்ணிக்கைக் கணக்கும் விளம்பர வருவாயும் உரிமையாளரின் நலன்களும் புதிய எல்லைகளாக வந்து சேர்ந்தன. பல பேர் ஒரே நேரத்தில் உரத்துப் பேசும் விவாத வடிவம் முதன்மை நேரத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் பேசி மற்றவர் கேட்கும் துவாவின் முறைக்கு அங்கு இடம் குறைந்தது. அவர் இணையத்தை நாடினார்.

இணையத்தில் இறுதிக் கட்டம்

'தி வயர்' இணைய இதழுக்காக அவர் நடத்திய 'ஜன் கன் மன் கீ பாத்' குறுகிய நேரக் காணொலித் தொடர் பரவலாகப் பார்க்கப்பட்டது. தேசிய கீதத்தின் தொடக்கச் சொற்களையும், பிரதமரின் மாதாந்திர வானொலி உரையின் பெயரையும் இணைத்து வைக்கப்பட்ட தலைப்பு அது. அரங்கும் ஒப்பனையும் விருந்தினர்களும் இன்றி, ஒளிப்படக்கருவியை நோக்கி ஒருவர் பேசுவதே நிகழ்ச்சி. மத்திய அரசின் கொள்கைகளை அதில் அவர் கடுமையாக விமர்சித்தார். ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் அவரை ஒருதலைப்பட்சமானவர் என்று குறை கூறினர்.

2018 அக்டோபரில், பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தல்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய காலத்தில், துவா மீதும் புகார் எழுந்தது. 1989-இல் அவர் தம்மிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பெண் திரைப்பட இயக்குநர் ஒருவர் குற்றம்சாட்டினார். துவா அதை மறுத்தார். அவரது நிகழ்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. அவரது வாழ்க்கையைப் பதிவு செய்யும் எந்தக் கட்டுரையும் இதனைத் தவிர்த்துவிட இயலாது.

பின்னர் ஹெச்டபிள்யூ நியூஸ் இணையத் தளத்தில் 'தி வினோத் துவா ஷோ' என்ற நிகழ்ச்சியை அவர் நடத்தினார். அவர் பெயரைச் சட்ட வரலாற்றில் பதித்த வழக்குக்கு அடிப்படையானது இந்நிகழ்ச்சியின் ஒரு பகுதியே.

குமார்சைன் காவல் நிலையம் முதல் உச்ச நீதிமன்றம் வரை

2020 மார்ச் இறுதியில் கொரோனா தொற்றைத் தடுக்க நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. வேலையிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் நகரங்களிலிருந்து நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். மார்ச் 30-ஆம் தேதி ஒளிபரப்பான நிகழ்ச்சியில், பரிசோதனை வசதிகள், மருத்துவப் பாதுகாப்பு உபகரணங்கள், தொழிலாளர்களின் நிலை ஆகியவை குறித்து அரசைத் துவா விமர்சித்தார்.

இமாசலப் பிரதேச மாநிலம் சிம்லா மாவட்டத்தில் உள்ள குமார்சைன் காவல் நிலையத்தில், பாஜக நிர்வாகி ஒருவர் அளித்த புகாரின்பேரில் 2020 மே 6-ஆம் தேதி துவா மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ (தேசத்துரோகம்) உள்ளிட்ட பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தில்லி வன்முறை தொடர்பான அவரது நிகழ்ச்சி குறித்து தில்லியிலும் தனியே ஒரு வழக்குப் பதிவானது. அதன் விசாரணைக்குத் தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது.

குமார்சைன் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகுமாறு அழைப்பாணை வந்தபோது துவாவுக்கு வயது 66. தொற்று உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நேரத்தில், தில்லியிலிருந்து மலைப்பாதையில் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். வழக்கை ரத்து செய்யக் கோரி அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2020 ஜூன் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருந்தும், நீதிபதிகள் யு.யு.லலித், மோகன் எம்.சாந்தனகவுடர், வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு மனுவை விசாரித்தது. அவரைக் கைது செய்யத் தடை விதித்த நீதிமன்றம், புலன்விசாரணையை நிறுத்த மறுத்துவிட்டது. 24 மணி நேர முன்னறிவிப்புடன் அவரது இல்லத்திலேயே விசாரணை நடத்தலாம் என்றும் கூறியது.

ஓராண்டு கழித்து 2021 ஜூன் 3-ஆம் தேதி நீதிபதிகள் லலித், வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது. துவாவின் பேச்சை ஆராய்ந்த நீதிமன்றம், அரசின் செயல்பாடுகள் மீதான அதிருப்தியின் வெளிப்பாடே அது, நெருக்கடியை அரசு விரைந்து எதிர்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தைக் கொண்டது என்ற முடிவுக்கு வந்தது. குமார்சைன் வழக்கு ரத்து செய்யப்பட்டது.

தீர்ப்பின் பொருளும் எல்லையும்

இத்தீர்ப்பு புதிய சட்டக் கோட்பாடு எதையும் உருவாக்கவில்லை. 1962-ஆம் ஆண்டு கேதார் நாத் சிங் எதிர் பிகார் மாநிலம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வு வகுத்த எல்லையை அது மீண்டும் நிலைநாட்டியது. அந்த 1962 தீர்ப்பு, தேசத்துரோகப் பிரிவு செல்லும் என்று கூறியது. ஆனால் வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைச் சீர்குலைக்கும் நோக்கமோ இயல்போ கொண்ட சொற்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரையறுத்தது. அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், அந்த எல்லையைத் தாண்டாதவரை அது குற்றமாகாது.

வினோத் துவா வழக்கின் சிறப்பு, அந்தப் பாதுகாப்பு பத்திரிகையாளர் ஒவ்வொருவருக்கும் உரியது என்று வெளிப்படையாக எழுதி வைத்ததில் இருக்கிறது. சிறு நகரச் செய்தியாளரும் தமக்கு எதிரான வழக்கில் மேற்கோள் காட்டக்கூடிய வாசகமாக அது அமைந்தது.

துவா கேட்ட அனைத்தும் கிடைத்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் அனுபவமுள்ள பத்திரிகையாளர்கள் மீது வழக்குப் பதிவு செய்யும் முன், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி தலைமையிலான குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அவரது மற்றொரு கோரிக்கை. அவ்வாறு உத்தரவிடுவது சட்டமியற்றும் அவைகளின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்று கூறி நீதிமன்றம் அதனை நிராகரித்தது. ஆகவே வழக்குப் பதிவைத் தடுக்கும் அரண் எதுவும் உருவாகவில்லை. வழக்கு வந்த பிறகு நீதிமன்றத்தில் காட்டக்கூடிய கவசமே கிடைத்தது. நாடறிந்த நெறியாளருக்கே அந்தக் கவசத்தை அடைய ஏறத்தாழ 13 மாதங்கள் ஆயின. மூத்த வழக்கறிஞரை அமர்த்தவும் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகவும் வசதியில்லாத செய்தியாளருக்கு அது எவ்வளவு காலம் எடுக்கும் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

அடுத்த ஆண்டு, 2022 மே 11-ஆம் தேதி, தலைமை நீதிபதி என்.வி.ரமணா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, தேசத்துரோகப் பிரிவின்கீழ் நிலுவையில் உள்ள நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. புதிய வழக்குகளைப் பதிவு செய்வதை மத்திய, மாநில அரசுகள் தவிர்க்கும் என எதிர்பார்ப்பதாகவும் தெரிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'தேசத்துரோகம்' என்ற சொல் இடம்பெறவில்லை. எனினும் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஊறு விளைவிக்கும் செயல்களைத் தண்டிக்கும் 152-ஆவது பிரிவு அதில் உள்ளது. அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறினாலும், விமர்சனத்துக்கும் தூண்டுதலுக்கும் இடையிலான கோட்டை எங்கே வரைவது என்ற கேள்விக்கு, கேதார் நாத் சிங் தீர்ப்பும் வினோத் துவா தீர்ப்பும் தந்த விடையை நீதிமன்றங்கள் தொடர்ந்து நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

இறுதி நாள்கள்

தீர்ப்பு வெளியான நேரத்தில் துவாவின் குடும்பம் பெரும் துயரில் இருந்தது. கொரோனா இரண்டாம் அலையில் அவரும், கதிரியக்க மருத்துவரான அவரது மனைவி பத்மாவதி என்கிற சின்னா துவாவும் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். துவா உயிர் பிழைத்தார். சின்னா துவா அதே ஜூன் மாதத்தில் காலமானார். தொற்றுக்குப் பிறகு துவாவின் உடல்நிலை முழுமையாகத் தேறவில்லை. டிசம்பர் 4-ஆம் தேதி தில்லி மருத்துவமனை ஒன்றில் அவரது உயிர் பிரிந்தது. தம்பதியருக்கு இரு மகள்கள். அவர்களில் மல்லிகா துவா நகைச்சுவைக் கலைஞராகவும் நடிகையாகவும் அறியப்பட்டவர்.

பெருந்தொற்றின் தொடக்கத்தில் மருத்துவ வசதிகள் போதுமா என்று கேட்டதற்காக வழக்கைச் சந்தித்தவர், அதே தொற்றில் மனைவியை இழந்து, அதன் பாதிப்பிலிருந்து மீளாமலேயே மறைந்தார். அவர் கேட்ட கேள்வி சட்டத்துக்குப் புறம்பானதல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கூறியதை மட்டும் அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க முடிந்தது.

1985-இல் அரசுத் தொலைக்காட்சியில் அமைச்சரின் முன்னே ஒலிவாங்கியைக் குடிமக்களிடம் கொடுத்த நெறியாளர், 2020-இல் தாமே கேள்வி கேட்டதற்காக நீதிமன்றப் படியேறினார். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் தொலைக்காட்சியின் எண்ணிக்கையும் தொழில்நுட்பமும் பன்மடங்கு பெருகின. கேள்வி கேட்பவருக்கான பாதுகாப்பு தானாக வளர்ந்துவிடவில்லை. அதனை ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அவ்வாறு பெற்றவர்களின் வரிசையில் வினோத் துவாவின் பெயர் இடம்பெற்றுள்ளது.